கேட்ட அன்றே கோப்பைக் கொடுத்து அனுப்புங்கள்: நீலகிரியின் மகப்பேறு மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தில் மகப்பேறு பார்க்கும் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கும், அங்கே பணியாற்றும் மருத்துவர்களுக்கும், இம்மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பிலுள்ள மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் ஊரில் எட்டு மாதம் நிறைந்த ஒரு பெண், இதுவரை பார்த்துவந்த மருத்துவமனையை விட்டு வேறொரு மருத்துவரிடம் போக விரும்பித் தன் கோப்பின் நகலைக் கேட்டிருக்கிறார். "இந்த மாசத்துல டாக்டரை மாத்தினா யாரும்மா கேஸ் எடுப்பாங்க? ஃபைல் எல்லாம் வெளிய குடுக்கிறதில்ல" என்று வரவேற்பு மேசையிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கும் ஏறக்குறைய இதே சொற்களில் இதே பதில்தான் கிடைத்தது. அது வேறு மருத்துவமனை. ஆகவேதான் ஒரு நிறுவனத்தின் மீதான புகாராக எழுதாமல், உங்கள் எல்லோரிடமும் வைக்கும் கோரிக்கையாக இதை எழுதுகிறேன். கர்ப்பிணி எந்த மாதத்தில் மருத்துவரை மாற்ற விரும்பினாலும், கேட்ட அன்றே அவருடைய கோப்பின் முழு நகலைக் கொடுத்து அனுப்புங்கள். அவர் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள், பிந்தி வந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

எட்டாம் மாதத்தில் எந்தப் பெண்ணும் விளையாட்டாக மருத்துவரை மாற்றுவதில்லை. நான் மூன்றாம் மாதத்திலிருந்து பார்த்துவந்த மருத்துவர் திடீரென்று வேலையை விட்டுச் சமவெளிக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர், முதல் சந்திப்பிலேயே என்னைப் படுக்கவைத்துப் பார்ப்பதற்கு முன், 38ஆம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமையை அறுவை சிகிச்சைக்கு எழுதிவிட்டார். மயக்க மருந்து மருத்துவர் மலைக்கு வரும் நாள் அதுதான் என்று பிறகு செவிலியர் சொல்லித் தெரிந்தது. முதல் குழந்தை அறுவை சிகிச்சையில் பிறந்திருந்தாலும் இந்த முறை வலி வரும்வரை காத்திருந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். "கேள்வி கேக்கிறதா இருந்தா வேற இடம் பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னபடியே வேறு இடம் பார்க்க முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் நியாயமாகப் பேச விரும்புகிறேன். முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணை வலிக்கு விட்டுப் பார்ப்பதென்றால், எந்த நேரத்திலும் அறுவை அரங்கு தயாராக இருக்க வேண்டும். மயக்க மருந்து மருத்துவரும் ரத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் சில நாட்கள் மட்டும் மயக்க மருந்து மருத்துவர் வந்துபோகும் மருத்துவமனை அதற்கு இணங்காமல் இருப்பதே சரி. அதை ஒரு நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நன்றி கூறி விடைபெற்றிருப்பேன். எங்களிடம் அந்த வசதி இல்லை, வசதியுள்ள இடத்துக்குப் போங்கள், இதோ உங்கள் தாள்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவருடைய மதிப்பு எங்கள் மனத்தில் ஒரு படி கூடத்தான் செய்யும்.

ஆனால் தாள்கள் கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சைக் குறிப்போடு கூடிய முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும், மூன்றாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையையும் கோப்பில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி அசலையே வாங்கியிருந்தார்கள். என் கையில் மிஞ்சியிருந்தவை மாத்திரைச் சீட்டுகளும் பணம் கட்டிய ரசீதுகளும் மட்டுமே. மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மருத்துவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிரசவத்துக்காகக் கட்டிய முன்பணத்தின் கணக்கை முடித்தால்தான் கோப்பைப் பற்றிப் பேச முடியும் என்றார்கள். மலைப்பாதையில் பேருந்தில் போய் வந்து கால் வீங்கிய நிலையில், அந்த மேசைக்கு முன் நின்று, என் உடம்பைப் பற்றிய தாளை எனக்குக் கொடுங்கள் என்று மன்றாடியதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் அவற்றை அலுவலகக் காகிதங்களாகவே நடத்துகிறீர்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. வயிற்றின் மேல் தெரியும் தழும்பு, உள்ளே கர்ப்பப்பையில் கீறல் எந்தத் திசையில் போனது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது அறுவை சிகிச்சைக் குறிப்பில் உள்ள ஒரு வரிதான். கீழ்ப்பகுதியில் குறுக்குவாட்டில் கீறியிருந்தால், தகுதியுள்ள பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகலாம் என்றும், தையல் விட்டுக் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து 200 பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கும் என்றும் பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் சொல்கிறது. மேற்பகுதியில் நெடுக்குவாட்டில் கீறியிருந்தால் ஆபத்து பல மடங்கு கூடும். அந்தப் பெண்ணை வலிக்கு விடவே கூடாது. ஒருத்தியின் உயிரும் அவள் குழந்தையின் உயிரும் அந்த ஒரு வரியைச் சார்ந்து நிற்கின்றன.

ஸ்கேன் அறிக்கையும் அப்படித்தான். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த ஸ்கேன்தான் நாள் கணக்குக்கு ஆதாரம். கடைசி மூன்று மாதங்களில் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்து வாரத்தைக் கணக்கிட்டால் மூன்று வாரம் வரை முன்பின் ஆகலாம். வேறு சிக்கல் இல்லாதபோது, திட்டமிட்ட அறுவை சிகிச்சையை 39 வாரம் நிறைவதற்கு முன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும் என்பதால் காத்திருப்பதே நெறி. ஆதாரமான தாள் ஓரிடத்தில் பூட்டிக் கிடக்க, புதிய மருத்துவர் எதை வைத்து 39 வாரத்தை எண்ணுவார்? நெகட்டிவ் ரத்த வகையுள்ள பெண்ணுக்கு 28ஆம் வாரத்து ஊசி போட்டாயிற்றா இல்லையா என்பதும் கோப்பில்தான் இருக்கிறது. கர்ப்பிணியின் வாய்மொழியை மட்டும் நம்பி மருத்துவம் பார்க்கச் சொல்வது அவளுக்கும் அந்த மருத்துவருக்கும் செய்யும் அநீதி.

தாள் இல்லாமல் போன முதல் இடத்தில், தங்களிடம் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்தவர்களை மட்டும் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அரசு மருத்துவமனையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனை முதல் ஸ்கேன் வரை எல்லாவற்றையும் மீண்டும் செய்தார்கள். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பழைய கீறல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் வலிக்கு விட மனம் வரவில்லை என்றார். அவரை நான் குறை கூற மாட்டேன். இரண்டாவது முறையும் அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தை நலம். குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகுதான், உறவினர் ஒருவரின் சிபாரிசால், என் கோப்பின் நகல் வந்து சேர்ந்தது. முதல் அறுவை சிகிச்சைக் குறிப்பில் தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தது: கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி, குறுக்குவாட்டுக் கீறல்.

அந்தத் தாள் உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் சுகப்பிரசவம் ஆகியிருக்கும் என்று நான் வாதாடவில்லை. அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவை மருத்துவரும் நானும் சேர்ந்து யோசித்து எடுப்பதற்கான வாய்ப்பை, அலமாரியில் கிடந்த ஒரு கோப்பு பறித்துக்கொண்டது. இரண்டு முறை கீறிய கர்ப்பப்பையோடு வாழப் போகிறவள் நான். கோப்பைத் தராதவருக்கு இது இன்னும் நினைவிலாவது இருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் நடந்திருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 60ஐத் தாண்டுகிறது. அத்தனை பெண்களும் அடுத்த பிரசவத்துக்கு ஒரு தழும்போடுதான் வருவார்கள். அவர்களில் பலர் தாய்வீட்டுக்கு வந்தோ, கணவரின் வேலை மாற்றத்தாலோ, மருத்துவர் ஊரை விட்டுப் போனதாலோ வேறிடத்தில் பிரசவிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வரி தேவைப்படும்.

மலையில் இது இன்னும் கடுமையான சிக்கல் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கோத்தகிரியில் நிலைமை மீறினால் ஊட்டிக்குப் போக வேண்டும், அல்லது மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்க வேண்டும். குஞ்சப்பனைப் பக்கம் இரவில் யானை நின்றால் வண்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் பாதையே இருக்காது. 2009 நவம்பரில் சரிந்த மண்ணை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பெண்களில் பலர் எல்லை தாண்டி வயநாட்டு மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். 108 வண்டியில் நள்ளிரவில் முன்பின் தெரியாத மருத்துவரிடம் போய்ச் சேரும் பெண்ணுக்காகப் பேசுவதற்கு அவள் மடியில் அந்தத் தாள்களாவது இருக்க வேண்டாமா? இங்கே கோப்பைக் கையில் கொடுத்து வைப்பது சலுகையாகாது, அடிப்படைப் பாதுகாப்பு.

சட்டம் தெரியாமல் நான் கேட்கவில்லை. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும், ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையும் இருக்கின்றன. தனியாரிடம் பார்த்தாலும், கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு தரும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை வாங்கிவரும்படி எங்களிடம் வற்புறுத்துகிறீர்கள். அந்த எண் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எங்களோடு வருகிறது. எண் எங்களோடு வரலாம், எங்கள் உடம்பைப் பற்றிய குறிப்பு மட்டும் வரக்கூடாது என்பது என்ன நியாயம்?

பிந்தி வரும் கர்ப்பிணியை ஏற்க மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருப்பதையும் அறிவேன். ஒரு தாய் இறந்தால் அதற்கு விசாரணை உண்டு. யாரோ பார்த்த கேஸின் பழி தன் தலையில் விழுமோ என்ற அச்சம் இயல்பு. அந்த அச்சத்தைக் குறைப்பதும் முழுமையான கோப்புதான். கொடுப்பவர் கொடுத்தால் ஏற்பவர் ஏற்பார்.

எனவே உங்களைப் பணிவோடு வேண்டுகிறேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகளின் அசலைத் தாயிடமே விட்டுவிட்டு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை செய்த ஒவ்வொரு பெண்ணுக்கும், கீறல் எப்படிப்பட்டது என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் தமிழிலும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மருத்துவரை மாற்ற விரும்புகிறவருக்கு அரைப் பக்கக் கடிதத்தோடு கோப்பின் நகலைக் கேட்ட அன்றே கொடுங்கள். பணக் கணக்கைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். இணை இயக்குநர் அவர்கள், 72 மணி நேர விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மகப்பேறு மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு எதிரிலும் வைக்கும்படி சுற்றறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அவருக்கும் முதல் குழந்தை அறுவை சிகிச்சையில்தான் பிறந்தது. அவருடைய கோப்பு உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. எழுத்து மூலமான கோரிக்கையை அவருடைய கணவர் நேரில் கொடுத்திருக்கிறார். அருள்கூர்ந்து இந்த வாரத்துக்குள் அதன் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரத்திலிருந்து,
இரண்டு குழந்தைகளின் தாய்