டிரைவை இணைத்துவிட்டால் சான்றிதழ்கள் பத்திரமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனபோது, அந்த வீடுகளில் இருந்த பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் சேமலாப நிதிக் கடதாசிகளும் சேர்ந்தே போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்ற கவலை மலையகத்தில் இன்றும் தீரவில்லை. அதனால்தான் பலர் சான்றிதழ்களைப் படம் எடுத்து, போனிலுள்ள ஃபைல் மெனேஜரோடு (கோப்புகளைப் பார்க்கும் செயலி) இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் கூகுள் டிரைவை இணைத்து வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இணைத்த கையோடு எல்லாம் டிரைவுக்கு ஏறிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். அப்படி எதுவும் ஏறுவதில்லை.

டிரைவை இணைத்ததும், அங்கே ஏற்கனவே இருக்கும் கோப்புகள் போனின் கோப்புறைகளுக்குப் பக்கத்தில் தெரியும். அவ்வளவுதான். போனில் எடுத்த படம் தானாக அங்கே போகாது. கையால் பிரதி எடுத்து, டிரைவைத் திறந்து, அங்கே ஒட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, கணக்கு யாருடையது என்பது. புதுப் போன் வாங்கும்போது கடைக்காரரே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவது நம் நகரங்களில் சாதாரணமாக நடக்கிறது. கடவுச்சொல் வாங்கியவருக்குத் தெரியாது. கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க உதவும் மீட்பு இலக்கமாகக் கடைக்காரரின் இலக்கமே இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. அந்தக் கணக்கில் பிள்ளையின் சாதாரண தரப் பெறுபேற்றைப் போட்டு வைத்தால், போன் தொலைந்த அன்று அதைத் திறக்க வழியில்லை. போனின் அமைப்புகளில் 'கூகுள்' என்பதைத் தொட்டு, எந்த முகவரி இருக்கிறது, மீட்பு இலக்கம் யாருடையது என்று முதலில் பாருங்கள். சந்தேகம் என்றால் சொந்த இலக்கத்தில் புதுக் கணக்கு திறந்துகொள்வதே மேல்.

சாம்சுங் போனில் 'மை ஃபைல்ஸ்' செயலியிலேயே கூகுள் டிரைவையும், அதைப் போன்ற மைக்ரோசொஃப்ட்டின் வன்டிரைவையும் சேர்க்கலாம். வேறு எதுவும் இறக்கத் தேவையில்லை. மற்றப் போன்களுக்கு பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் 'சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்புளோரர்' போதும். அதில் 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய், 'நியூ லொகேஷன்' தொட்டு, கூகுள் டிரைவைத் தெரிவு செய்ய வேண்டும். உடனே பிரவுசரில் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும், அல்லது போனில் ஏற்கனவே உள்ள கணக்குகளின் பட்டியல் வரும். பிரவுசர் திறந்தால் மேலே முகவரி 'அக்கவுண்ட்ஸ் டொட் கூகுள் டொட் கொம்' என்று இருக்க வேண்டும். செயலி தனக்குள்ளேயே ஒரு பெட்டியைக் காட்டிக் கூகுள் கடவுச்சொல்லைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறையான இணைப்பில் கடவுச்சொல் செயலியின் கைக்குப் போவதே இல்லை. கூகுள் அதற்கு ஓர் அனுமதிச் சாவியை மட்டும் கொடுக்கிறது.

ஆனால் அந்த அனுமதி சின்னதல்ல. டிரைவிலுள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, உருவாக்க, அழிக்க என்று திரையில் எழுதியிருப்பதை நிதானமாக வாசியுங்கள். எந்தச் செயலிக்கு இதைக் கொடுக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். ஒரு காலத்தில் எல்லோர் போனிலும் இருந்த 'இஎஸ் ஃபைல் எக்ஸ்புளோரர்' 2019இல் விளம்பர மோசடி தொடர்பாக பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பழைய பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருந்தால் வாங்கி நிறுவாதீர்கள்.

இணைப்பு சரிவராமல் போவதற்குப் பெரும்பாலும் சிறிய காரணம்தான் இருக்கும். பற்றரி முழுதாக இறங்கிய பிறகு போனின் திகதி பிழையாக இருந்தால் உள்நுழைவு பாதுகாப்புப் பிழை காட்டும். திகதியைத் தானியங்கியில் விட்டால் சரியாகும். டிரைவ் வெறுமையாகத் தெரிந்தால், போனில் இரண்டு ஜிமெயில் இருந்து மற்றதைத் தெரிவு செய்திருப்பீர்கள். இணைப்பை நீக்கி, சரியான முகவரியோடு மறுபடி இணையுங்கள். கூகுள் டொக்ஸில் எழுதிய ஆவணம் ஃபைல் மெனேஜரில் அளவே இல்லாமல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது சாதாரணக் கோப்பு அல்ல. டொக்ஸில் திறந்து பிடிஎஃப் ஆக இறக்கினால்தான் பிரதி எடுக்க முடியும்.

மலை மறைக்கும் பக்கத்து லயன்களில் ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டுதான் கோப்பு ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே வெட்டி ஒட்டாதீர்கள், பிரதி எடுத்து ஒட்டுங்கள். வெட்டினால், ஏறிய கோப்பைச் செயலி போனிலிருந்து அழித்துவிடும். இருபது கோப்பில் பாதி ஏறியதும் சிக்னல் போனால் எது எங்கே என்று தேடி மாளாது. ஏற்றி முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் கோப்பின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, டிரைவில் இருப்பதை ஒரு தரம் திறந்தும் பாருங்கள். அதற்குப் பிறகு போனிலிருந்து அழிப்பதா என்று யோசிக்கலாம். ஏறும்போது திரையை அணைத்தால் பற்றரி சேமிப்பு முறை செயலியை நிறுத்திவிடும், பல செயலிகள் மறுபடி ஆரம்பத்திலிருந்தே தொடங்கும். வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டுமான டேட்டா பொதி இதற்கு உதவாது. கோப்புறையைத் திறந்தாலே சிறுபடங்கள் டேட்டாவைத் தின்னும். செயலியின் அமைப்புகளில் அதை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

படத்தின் அளவையும் குறைக்கலாம். போன் கெமராவில் எடுத்த ஒரு சான்றிதழ் சில எம்பி வரும். டிரைவ் செயலியிலேயே கூட்டல் குறியைத் தொட்டு 'ஸ்கேன்' செய்தால் அது பிடிஎஃப் ஆகி, பொதுவாக அதைவிடச் சிறியதாகவும் எழுத்துத் தெளிவாகவும் நேரே டிரைவில் சேரும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இதற்கு ஏராளம். ஆனால் அந்த 15 ஜிபிக்குள்தான் ஜிமெயிலும் போட்டோஸும் அண்ட்ரொயிட் போனின் வட்ஸ்அப் பெக்கப்பும் அடங்குகின்றன. வட்ஸ்அப் பெக்கப்பில் வீடியோக்களை நிறுத்தாவிட்டால் கல்யாண வீடியோக்களே இடத்தை நிரப்பிவிடும். நிரம்பினால் கோப்பும் ஏறாது, மின்னஞ்சலும் வராது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஃபைல் மெனேஜருக்குள் டிரைவில் ஒரு கோப்பை அழித்தால் அது டிரைவிலிருந்தே போகிறது. டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். சில செயலிகள் தொட்டிக்கும் அனுப்பாமல் அடியோடு அழித்துவிடும். சின்னப் பிள்ளைகள் போனைக் கையாளும் வீடுகளில், வேலை முடிந்ததும் இணைப்பை நீக்கிவிடுவது நல்லது. கோப்புகள் டிரைவிலேயே இருக்கும்.

போனை விற்கும்போது செயலியை அழித்தால் மட்டும் போதாது, கொடுத்த அனுமதி கூகுள் கணக்கில் அப்படியே இருக்கும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியலைத் திறந்து அங்கே நீக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் எதற்குமே பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால் இடைக்கிடை உள்நுழைந்து பாருங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மாரின் இலங்கை சிம் இயங்காமல் இருந்தால், உள்நுழையும்போது கூகுள் குறுஞ்செய்தியில் அனுப்பும் குறியீடு அவர்களுக்குக் கிடைக்காது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் முறை) இயக்கிய பின் கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து, ஒரு தாளை அவர்களிடமும் இன்னொரு தாளை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ஹட்டன்