அந்த வாடையைச் சொல்ல விடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கச் சிறை மருத்துவ வழக்குகளில் யாரை நிபுணராகப் பேச விடலாம், எதுவரை விடலாம் என்று அங்கே வரம்பு கட்டுவதைப் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நானும் சாட்சிக் கூண்டில் ஏறி, பாதியில் நிறுத்தப்பட்டவள்.

31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தேன். என் சின்னம்மா மகன் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்த்தவன். 16 வயதிலிருந்தே இன்சுலினில் ஓடிய உடம்பு. வேலித் தகராறு ஒன்றில் ரிமாண்ட் ஆனான். மறுநாள் காலையில் இன்சுலின் பாட்டிலை ஐஸ் நேரே படாமல் துணியில் சுற்றி, தெர்மாஸ் பிளாஸ்கில் வைத்துச் சிறை வாசலில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இரவு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

சிறை மருத்துவ நோட்டின் நகல் எங்கள் கைக்கு வர 14 மாதம் ஆயிற்று. முதல் நாள், ‘வயிற்று வலி, மாத்திரை’. அடுத்த நாள், ‘வாந்தி, மாத்திரை’. அவ்வளவுதான். சர்க்கரை அளவும் இல்லை, இன்சுலின் என்ற சொல்லும் இல்லை. கூட இருந்த கைதி ஒருவர் வெளியே வந்த பிறகு என்னைத் தேடி வந்து சொன்னார்: “மூச்சு இழுத்து இழுத்து வாங்குச்சுக்கா. வாயில அழுகின பழம் மாதிரி ஒரு வாடை.” சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட எந்தச் செவிலியருக்கும் அந்த வாடை தெரியும். இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நஷ்டஈட்டு வழக்கில் இதைச் சொல்ல வாயெடுத்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “சாட்சி டாக்டர் இல்லை.” பிளாஸ்க் கொடுத்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். சரி, இறப்புக்குக் காரணம் இதுதான் என்று நான் முடிவு சொல்லக் கூடாதுதான். சொந்தக்காரி வேறு. ஆனால் அவர்கள் தரப்பில் வந்தவர் எலும்பு முறிவு டாக்டர். சர்க்கரை நோய் அவர் துறையே இல்லை. அவரை யாரும் நிறுத்தவில்லை. எங்களுக்காகப் பேசச் சொல்லி ஐந்து டாக்டர்களிடம் போனோம். நால்வர், “அரசு டாக்டருக்கு எதிராக நான் எப்படிம்மா” என்றார்கள். ஐந்தாமவர் நோட்டைப் படித்துக் கண் கலங்கினார், எழுதித் தரவில்லை.

அமெரிக்காவில் 1993-இல் டாபர்ட் வழக்கில், நிபுணர் எந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நீதிபதியே முதலில் சோதிக்க வேண்டும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 டிசம்பரில் அதற்கான விதியை இன்னும் தெளிவாக்கினார்கள். அதிகாரிகள் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டார்களா என்று நிபுணர் தீர்ப்புச் சொல்வதையும் அங்கே பல நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அது நியாயம். தெரிந்திருந்ததா இல்லையா என்பதை எங்கள் பிளாஸ்கும் அவர்கள் நோட்டுமே சொல்லும்.

அந்தச் சோதனை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன். நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 39-ஆவது பிரிவும் நிபுணரிடம் தனித் தேர்ச்சியைத்தான் கேட்கின்றன. பட்டம் என்று சொல்லவில்லை. எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது நுகர்வோர் வழக்குதான். ஆனாலும் தினமும் இன்சுலின் வேண்டியவனுக்கு அதைக் கொடுத்தார்களா என்று பார்க்க எந்த நிபுணர் வேண்டும்?

நிபுணர் வேண்டியே தீரும் இடத்தில், அவரைத் தேடும் பாரத்தைச் செத்தவன் வீட்டார் தலையில் ஏற்றக் கூடாது. அறிவியல் ஆய்வுக்கு ஆணையரை, அதாவது ஆராய்ந்து அறிக்கை தருபவரை, நீதிமன்றமே அமர்த்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 26-ஆவது கட்டளை, 10ஏ விதி இருக்கிறது. வேறு மாவட்டத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து, அந்தந்த நோய்க்குரிய துறைக்காரரையே வரவழைக்கலாம். எங்கள் மேல்முறையீட்டில் இதைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். சர்க்கரை நோய்ப் பிரிவு டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், நீதிமன்றம் கூப்பிடும்போது தட்டிக் கழிக்காமல் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பள்ளத்தூர், காரைக்குடி வட்டம்.