இரணைமடுவுக்குக் கீழே கனகராயன் ஆற்றில் மணல் அகழ்வை நிறுத்தக் கோரும் மனு

கிளிநொச்சி,
2026 ஜனவரி.

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

மதிப்பிற்குரிய மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

விடயம்: கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மணல் அகழ்வு, அதனால் கரைக்கும் கிணறுகளுக்கும் வந்துள்ள கேடு, அத்தொழிலில் சிக்கியுள்ள எங்கள் இளைஞர்களின் வாழ்வாதாரம்

இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று சுண்டிக்குளம் நீரேரி வரைக்கும் ஆற்றை அண்டிக் குடியிருந்து வயல் செய்கிறவர்களும், நீரேரி ஓரத்தில் மீனும் இறாலும் பிடித்துச் சீவிக்கிறவர்களும் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம். ஆற்றின் இந்தப் பகுதியில் மணல் எடுக்கப் புதிதாக எவருக்கும் அனுமதி வழங்க வேண்டாம். முன்னர் வழங்கியவற்றையும், ஆற்றின் அடியும் கரையும் முறையாக அளக்கப்படும்வரை நிறுத்தி வையுங்கள். எங்கள் முதற் கோரிக்கை இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மணலைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் எங்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "ஆறு எடுத்ததை அடுத்த மாரி திருப்பித் தரும்." அணை இல்லாத ஆற்றுக்கு இது ஓரளவு பொருந்தும். கனகராயன் ஆற்றுக்குப் பொருந்தாது. இந்த ஆறு வவுனியா வடக்குக் காடுகளில் தொடங்கி, கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்து நிலங்களின் வெள்ளத்தையும் மணலையும் சேர்த்துக்கொண்டு வந்து இரணைமடுவில் விழுகிறது. தண்ணீர் வான் பாய்ந்து கீழே வரும். பருமணல் வராது. குளத்தின் மேற்பக்கத்திலேயே அது படிந்துவிடும். நூறு வருடமாக இதுதான் நடக்கிறது. ஆகவே கட்டுக்குக் கீழே இன்று அள்ளப்படும் மணல், குளம் கட்டுவதற்கு முந்தின காலத்து ஆறு கொண்டுவந்து போட்ட மணல். அள்ளிய குழிக்கு மாரியில் வருவது சேறும், இடிந்த கரையின் களியும்தான். அனுமதி கொடுக்கும் படிவத்தில் ஆற்றின் பெயரும், எத்தனை கியூப் (மணலை அளக்கும் அலகு) என்ற கணக்கும் இருக்கும். இடம் அணைக்கு மேலா கீழா என்பதையும் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

முரசுமோட்டைப் பக்கம் ஒரு வளைவை நீங்கள் நேரில் பார்க்கவேண்டும். கரையின் மேலே ஒரு முழம் கறுத்த வயல் மண், அதற்குக் கீழே மஞ்சள் களி, அதற்கும் கீழே மணல் திட்டு. ஆற்றின் நடுவில் மணல் தீர்ந்தபிறகு, களிக்கு அடியில் குடைந்து கரையில் உள்ள மணலை உருவியிருக்கிறார்கள். மேலிருக்கும் களி, தாங்க எதுவுமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. நல்ல மழையொன்று பெய்தால் அது வயல் வரம்போடு சேர்ந்து ஆற்றுக்குள் சரியும். அந்த வளைவில் நின்ற பெரிய மருதமரத்தின் வேர்கள் இப்போது ஆள் உயரத்துக்கு வெளியே தெரிகின்றன. எங்கள் தகப்பன்மார் பட்டி மாட்டைத் தண்ணிக்கு இறக்கிய துறை அது. இன்று அதில் மாடு இறங்கினால் ஏறமாட்டாது.

2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட இரவை இந்த மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. எங்கள் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கதவு எப்போது திறந்தது, யார் அறிவித்தது என்ற விவாதம் அன்றே நடந்து முடிந்தது. அதை மீண்டும் கிளப்ப நாங்கள் வரவில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த கரை இன்றைக்கு இல்லை. அதே அளவு தண்ணீர் மறுபடி வந்தால், குடைந்து வைத்த கரை எந்த இடத்தில் உடையும், ஆறு எந்த வயலுக்குள்ளால் புது வழி எடுக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களை 2020 இல் புரெவி, 2022 இல் மாண்டூஸ், 2024 இல் ஃபெங்கல், கடந்த கார்த்திகையில் டித்வா என்று பெயர் சொல்லி எண்ணுகிறோம். மழை பெய்கிற விதம் மாறிவிட்டது. ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டுகிற காலத்தில் ஆற்றங்கரையைப் பலவீனமாக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

வெள்ளம் வருடத்தில் சில நாள். உவர் வருடம் முழுக்க. ஆற்றின் அடி ஆழமாக ஆழமாக, கோடையில் நீரேரியின் உப்புத்தண்ணீர் மேலேறி வருகிறது. ஆற்று நீர்மட்டம் இறங்கும்போது பக்கத்துக் கிணறுகளின் நல்ல தண்ணீரும் அதோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. அந்த வெற்றிடத்தை உப்பு பிடிக்கிறது. ஊரியானுக்குக் கீழே உள்ள வீடுகளில் ஆனி, ஆடி மாதங்களில் தேத்தண்ணிக்குப் பால் விட்டால் திரைகிறது. வீட்டுத் தோட்டத்து மிளகாய்க் கன்றின் இலை நுனி கருகி உள்ளே சுருள்கிறது. அது நோயென்று மருந்தடித்துக் காசை வீணாக்கியவர்களும் இருக்கிறார்கள். மகா ஓயாவிலும் தெதுறு ஓயாவிலும் அளவுக்கு மிஞ்சி மணல் அள்ளி, ஆற்றடி தாழ்ந்து, கிணறு வற்றி, கடல்நீர் உள்ளே வந்த கதை நாடறிந்தது. அந்த ஆறுகளின் ஓரத்து மக்கள் பட்டதை நாங்களும் பட்டுத்தான் பாடம் படிக்கவேண்டும் என்றில்லை.

கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுக்கவென்று தாளையடியில் பெரும் செலவில் ஒரு நிலையம் கட்டி, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நல்ல வேலை. யாழ்ப்பாணத்துச் சனமும் எங்கள் சனம்தான். ஆனால் உப்பு ஏறிய தண்ணீரை நன்னீராக்க எவ்வளவு செலவாகும் என்று அரசாங்கத்துக்கு இப்போது நன்றாகத் தெரியும். எங்கள் கிணறுகளுக்குள் உப்பு ஏறாமல் காப்பதற்கு அந்தச் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

இனி, மணல் ஏற்றுகிற பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் வெளியூர்க் கொள்ளைக்காரர் இல்லை. பெரும்பாலானோர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், எங்கள் உறவினர். நள்ளிரவில் லைட்டை அணைத்துக்கொண்டு, இலக்கத்தகட்டில் சேறு பூசிக்கொண்டு உழவு இயந்திரம் ஓட்டுகிறவனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். அவன் ஏன் அங்கே போனான் என்பதைச் சொல்லாமல் இந்த மனுவை முடித்தால் நாங்கள் நியாயமானவர்கள் ஆகமாட்டோம்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்தக் காலபோகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) கதிர் பொக்கையாய் நின்றதைப் பார்த்து வயலுக்குள்ளேயே அழுதவர்கள் இருக்கிறார்கள். தடை நவம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் அடுத்த வருடம் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது, முன்னர் 1,500 ரூபாய் அளவில் வாங்கிய யூரியா மூட்டை கள்ளச் சந்தையில் 30,000 ரூபாயைத் தாண்டியது. டீசலுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். வயலை நம்பி லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தின் தவணையோ மாதம் தவறாமல் வந்தது. பெண்கள் நுண்கடனில் மாட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில், ஒரு இரவில் சில லோட் மணல் ஏற்றினால் வயலில் ஒரு கிழமை கூலிக்கு நின்று பெறுவதைப் பெறலாம் என்று ஒருவன் வந்து சொன்னான். போனார்கள். பிடிபட்டால் வாகனம் நீதிமன்றத்தில், பிள்ளை மறியலில், தாய் நகைக்கடை வாசலில். தப்பி ஓடும்போது உழவு இயந்திரம் புரண்டு உயிர் விட்ட பிள்ளைகளும் வன்னியில் உண்டு. அந்த மணலை வாங்கித் தன் கட்டடத்துக்குக் கொட்டியவரை மட்டும் எவரும் தேடிப் போவதில்லை.

ஆற்றைக் காப்பது என்றால் இந்தப் பிள்ளைகளைப் பிடித்து அடைப்பது என்று மட்டும் விளங்கிக்கொள்ள வேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்கிறோம்.

உலகம் முழுவதும் இதே நெருக்கடிதான். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை, உலகம் வருடத்துக்கு ஏறக்குறைய 5,000 கோடி தொன் மணலும் சல்லியும் பாவிக்கிறது என்கிறது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர் மிக அதிகம் எடுக்கிற பொருள் அது. சிங்கப்பூர் கடலை நிரப்பி நிலத்தைப் பெருப்பித்தபோது அண்டை நாடுகளின் மணலுக்குக் கிராக்கி ஏறி, இந்தோனேசியா 2003 இல் கடல் மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தது. எங்கோ ஒரு நகரம் வளர, வேறெங்கோ ஒரு கரை கரைகிறது. எங்கள் ஆறும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. போர் முடிந்தபின் வன்னியில் வீதியும் வீடும் பாடசாலையும் கட்டப்பட்டன. அவை எங்களுக்கும் வேண்டியவையே. இந்த மனுவில் ஒப்பமிட்ட பலர் வீட்டுத்திட்டத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். இப்போது டித்வாவில் வீடிழந்தவர்களுக்கு நாடெங்கும் வீடு கட்டவேண்டும். கட்டத்தான் வேண்டும். அந்த மணலுக்கும் டிப்பர்கள் எங்கள் ஆற்றைத் தேடி வரும் என்பதால்தான், பிந்தாமல் இந்த மாதமே உங்களிடம் வந்திருக்கிறோம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. இரணைமடுவின் மேற்பக்கத்தில், ஆறு குளத்துக்குள் இறங்கும் இடத்தில் நூறு வருடத்து மணல் படிந்து கிடக்கிறது. கோடையில் நீர் இறங்கியிருக்கும்போது, நீர்ப்பாசனத் திணைக்களம் இடத்தையும் ஆழத்தையும் குறித்துக் கொடுத்து, அலைகரைக்கும் கட்டுக்கும் சேதமில்லாமல் அதை எடுப்பித்தால் கட்டுமானத்துக்கு மணலும் கிடைக்கும், குளத்தில் கூடுதலாகத் தண்ணீரும் நிற்கும். சிறுபோகத்தில் (கோடைகால நெற்செய்கையில்) பங்கு முறையில் நிலம் பிரித்து விதைக்கிற எங்களுக்கு, கூடுகிற ஒவ்வோர் அங்குலத் தண்ணீரும் பெரிது. இதை ஆராய்ந்து பார்க்குமாறு திணைக்களத்தைக் கேளுங்கள். அது சரிவருமானால், அந்த வேலையை ஒரு பெரிய ஒப்பந்தகாரரிடம் தூக்கிக் கொடுக்காமல், இன்றைக்கு இரவில் களவாக ஏற்றுகிற பிள்ளைகளின் உழவு இயந்திரங்களைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து, பகலில், பற்றுச்சீட்டோடு ஏற்றவிடுங்கள். கருங்கல் உடைக்கும் இடங்களில் கல்மணல் அரைக்கவும், கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலவில் செய்வதுபோலக் கழுவிய கடல்மணலைப் பாவிக்கவும் வழி உண்டு. விலை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் விலையை ஆற்றங்கரைக் குடும்பங்கள் கிணறாகவும் வயலாகவும் கட்டிக்கொண்டிருப்பதைவிட, கட்டடம் கட்டுகிறவர் காசாகக் கட்டுவது நியாயம்.

உங்கள் கையில் நேரடியாக இருக்கிற ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். இந்த மாவட்டத்தில் மணலுக்குப் பெரிய கொள்வனவாளர் அரசாங்கமே. வீதி, மதகு, கட்டடம் என்று எத்தனையோ ஒப்பந்தங்களுக்கு உங்கள் செயலகத்தின் ஊடாகக் கொடுப்பனவு நடக்கிறது. ஒப்பந்தகாரர் பாவித்த மணல் எந்த அனுமதிப்பத்திரத்தின் கீழ், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்ற சான்றைப் பில்லோடு இணைக்காவிட்டால் காசு விடுவிக்கப்படாது என்று ஓர் உள்ளகச் சுற்றறிக்கை போதும். ஆற்றில் காவல் போடுவதைவிட அது பலன் தரும் என்பது எங்கள் திடமான நம்பிக்கை.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் மணல் எடுக்க முடியாது. 2019 டிசம்பரில் மணல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அறிவித்தபோது நாடெங்கும் ஆறுகள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை. இன்று நடைமுறையில் உள்ள ஒவ்வோர் அனுமதியின் விபரமும் (இடம், கியூப் அளவு, முடிவுத் திகதி, வாகன இலக்கம்) கரைச்சி, கண்டாவளைப் பிரதேச செயலகங்களிலும் கிராம அலுவலர் அலுவலகங்களிலும் மக்கள் பார்வைக்கு ஒட்டப்படவேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் தனித்தனியாக விண்ணப்பித்துப் பெறக்கூடிய தகவல்தான் அது. கேட்காமலே ஒட்டிவிட்டால், பட்டியலில் இல்லாத வாகனம் எது என்பதை ஊரே கண்டுகொள்ளும்.

சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்னர், நீர்ப்பாசனம், கமநல அபிவிருத்தி, வனசீவராசிகள், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், பொலிஸ் ஆகிய தரப்புகளின் அலுவலர்களோடு நீங்கள் ஒரு நாள் ஆற்றுக்கு வரவேண்டும். சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம் என்பதால் வனசீவராசிகள் அலுவலர்கள் வருவது மிக அவசியம். கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களும் மீனவர் பிரதிநிதிகளும் மணல் ஏற்றும் இளைஞர்களில் முன்வருகிற சிலரும் கூட வருவார்கள். அந்த இளைஞர்கள் வந்து பேசியதற்காக அவர்கள்மேல் வழக்குப் போடப்படாது என்ற உறுதியை மட்டும் முன்கூட்டியே தாருங்கள். அதே நாளில் கரையோரக் கிணறுகளின் உவர்த்தன்மையை அளக்க ஒழுங்கு செய்தால், வரும் கோடையில் எந்தெந்தக் குடும்பங்களுக்குக் குடிநீர் பவுசர் தேவைப்படும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒப்பமிட்டோர் விபரமும், இடிந்த கரைப் பகுதிகளின் படங்களும், அவற்றின் இடங்களைக் குறித்த கைவரைபடமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வருகைக்கான திகதியை எழுத்தில் அறியத் தந்தால் எங்கள் பக்கத்து ஒழுங்குகளைச் செய்து காத்திருப்போம்.

இப்படிக்கு,

கனகராயன் ஆற்றின் கீழ்க்கரைக் கிராமங்களின் கமக்காரர்கள், தோட்டச் செய்கையாளர்கள், மீனவக் குடும்பத்தினர் சார்பில்

(ஒப்பங்கள் இணைப்பில்)

பிரதி: பிரதேச செயலாளர், கரைச்சி
பிரதேச செயலாளர், கண்டாவளை