நாமக்கல் நண்பனுக்கு

அன்புள்ள முருகேசா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? பொங்கலுக்கு நான் வரவில்லை என்று நீ குதித்ததாகச் செல்வி சொன்னாள். கோபப்படு, நியாயம்தான். ஆனால் அந்த மூன்று வாரமும் நான் பாக்டீரியா வளர்க்கும் ஃபெர்மென்டர் தொட்டி பக்கத்திலேயே கிடந்தேன்.

கோழித் தீவனத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கலக்கிறாயே, விலை ஏறினால் எனக்குப் போன் போட்டுத் திட்டுவாயே, அதுதான் இங்கே என் பிழைப்பு. மக்காச்சோளத்தில் லைசின் குறைவு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நமக்குச் செய்து தருவது கோரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம். 1950-களில் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் கினோஷிதா குழுவினர் கண்டெடுத்த மண் பாக்டீரியா.

அதன் கட்டுப்பாட்டைக் கேள். லைசின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் சேர்ந்து பெருகினால்தான், அவற்றின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் அஸ்பார்ட்டோகைனேஸ் என்ற நொதி கையைக் கட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் பெருகினால் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அப்படியானால் திரியோனினுக்குப் போகும் வழியை அடைத்துவிடு, லைசின் கொட்டும். 1958-லேயே இதைச் செய்துவிட்டார்கள்! அந்த வழியில் கிடைக்கும் திரியோனினையும், மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தையும் நாம் அளந்து ஊட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தொட்டியில் அந்த அடைப்பு திறந்துகொண்டது. கோடிக்கணக்கான செல்களில் ஒன்று பழையபடி மாறினாலும் போதும். ஊட்டுவதற்குக் காத்திராமல் அது வேகமாகப் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். செல்கள் பெருகிக் கலங்கல் ஏறிக்கொண்டே போகிறது, லைசின் நகரவே இல்லை. மொத்தத்தையும் கொன்று கீழே விட்டோம். வீட்டுக்கு வந்து அன்று நான் சாப்பிடவில்லை, முருகேசா.

அப்புறம்தான் பூட்டையே மாற்றலாம் என்று இறங்கினேன். அஸ்பார்ட்டோகைனேஸ் நொதியின் 311-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் போதும், திரியோனின் இருந்தாலும் அது அடங்காது. பழைய முறையில் ரசாயனம் போட்டுப் போட்டு மரபணுவில் பிறழ்வு உண்டாக்குவார்கள். வேண்டாத காயங்களும் கூடவே சேர்ந்து, பாக்டீரியா நோஞ்சானாகிவிடும். 2002-இல் ஜப்பான்காரர்கள் தேவையான மூன்றே மாற்றங்களை, பிறழ்வு படாத இயற்கை ரகத்தில் வைத்துக் காட்டினார்கள். உடம்பு கெடாத பாக்டீரியா, அதனால் வேகம். எவ்வளவு சுத்தமான யோசனை! படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் புது ரகத்தைச் சின்ன ஜாடியில் விட்டோம். திரியோனின் ஒரு துளிகூட ஊட்டவில்லை. லைசின் ஏறிக்கொண்டே போனது. விடிகாலை நாலு மணிக்கு உனக்குத்தான் போன் போடத் தோன்றியது, திட்டுவாயே என்று விட்டுவிட்டேன். பெரிய தொட்டியில் இது தாக்குப்பிடிக்குமா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். அதுவரை வயிற்றில் புளி கரைகிறது.

ஒன்று கேட்கிறேன், மறக்காமல் எழுது. லைசினைக் கூட்டி சோயாப் புண்ணாக்கைக் குறைத்தாயே, எச்சத்தில் நைட்ரஜன் குறைந்திருக்க வேண்டும். மூன்றாம் ஷெட்டில் கண்ணை எரிக்கும் அந்த அம்மோனியா நெடி இறங்கியிருக்கிறதா? சித்திரையில் வரும்போது நானே உள்ளே போய்ப் பார்க்கிறேன். முட்டைப் பந்தயம் மட்டும் இந்தத் தடவை வேண்டாம்.

அன்புடன்,
ரவி