ஒரே துளையில் முடியும் மண் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பி வருகிறார்கள். அவற்றுக்குக் கடைக்கால் போடுவதற்கு முன் மண் பரிசோதனை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதை, கட்டுமானப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற கோடையில் எங்கள் தெரு மனை ஒன்றில் முக்காலி நட்டுத் துளையிட்டார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரி எடுக்கும் குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ண வேண்டும். முதல் 15 செ.மீ.க்கு விழுந்த அடிகளைத் தள்ளிவிட்டு, மீதி 30 செ.மீ.க்கானதையே கணக்கில் கொள்ள வேண்டும். அடி எண்ணிக்கை கூடக்கூட மண் இறுக்கமானது என்று பொருள். கம்பியில் சாக்பீஸால் கோடெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் எண்ண வேண்டியவருக்கு நடுவில் கைப்பேசியில் அழைப்பு வந்தது. அவர் பேசினார், சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது, பேசி முடித்ததும் நோட்டில் ஓர் எண்ணை எழுதினார். பாலிதீன் பையில் கட்டிய களிமண் மாதிரிகள் பூவரச மரத்தடியில் மூன்று நாள் வெயிலில் கிடந்தன. அந்த மண்ணின் ஈரப்பதத்தையும் அறிக்கையில் தசமப் புள்ளியோடு குறித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கடலோர மணலில் இந்த அலட்சியம் மற்ற இடங்களைவிட ஆபத்தானது. நீர்மட்டத்துக்குக் கீழே துளையிடும்போது துளைக்குள் இருக்கும் நீர் வெளி நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்டால், அடியிலிருந்து மணல் பொங்கி ஏறி, இறுகிய மண்ணும் இளகி, அடி எண்ணிக்கை உள்ளதைவிடக் குறைவாக வரும். நீர் ஊறிய நுண்மணலிலோ, எண்ணிக்கை 15ஐத் தாண்டும்போது, மண்ணின் உண்மையான வலுவைவிடக் கூடுதலாகவும் காட்டக்கூடும். எது நடந்தது என்பதை அங்கே நின்று பார்த்தவரால்தான் சொல்ல முடியும்.

இதைவிடப் பெரிய தவறு, மணல் சற்று இறுகியதும் துளையை நிறுத்திவிடுவது. எங்கள் பகுதியில் மேலே மணல் இருக்கிறது என்பதால் கீழேயும் மணல்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய கழிமுகங்களில் படிந்த, சிப்பி கலந்த களிமண் பல இடங்களில் அதற்கடியில் இருக்கிறது. மணல் பாரம் ஏறியவுடனே அமுங்கிவிடும். களிமண்ணோ நீரை மெல்ல மெல்ல வெளியேற்றி ஆண்டுக்கணக்கில் அமுங்கும். ஒரே மனையில் அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறினால், கட்டடத்தின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இறங்கும். மண் ஆய்வுக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 1892இன் 1979ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, சுமார் 0.4 ஹெக்டேர் மனைக்கு மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து துளைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. சிறிய, அவ்வளவு முக்கியமில்லாத கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துளையே போதும் என்ற சலுகையும் அங்கேயே இருக்கிறது. இருபது குடும்பங்கள் குடியேறப் போகும் கட்டடம் அந்தச் சலுகைக்குள் எப்படி அடங்கும் என்று நான் கேட்டதற்குக் கட்டுநர் தரப்பில் சிரித்தார்களே தவிர, பதில் இல்லை.

ஏப்ரலில் துளையிட்டுப் பார்த்த நீர்மட்டமே அறிக்கையில் நிரந்தரமாகிவிடுகிறது. மார்கழியில் அது கடைக்காலின் அடிமட்டத்துக்கே ஏறினால், மணலின் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகக் குறையலாம். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உள்ள குளோரைடு, சல்பேட் அளவுகளும் கடலோரத்தில் கம்பியின் ஆயுளையும் கான்கிரீட்டின் ஆயுளையும் தீர்மானிப்பவை. சென்னை 2002இல் மிதமான நில அதிர்வு அபாயத்தைக் குறிக்கும் மண்டலம் மூன்றில் சேர்க்கப்பட்டதால், நீர் ஊறிய தளர்மணல் அதிர்வில் குழம்பாகிவிடுமா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது கடற்கரை ஊர் அல்ல. ஆனாலும் அதன்பின் மண்ணைப் பற்றி எல்லோரும் பேசினோம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மண்ணியல் பொறியாளரையும் பதிவுபெற வேண்டிய வல்லுநர்களில் ஒருவராக்கின. ஆனால் கவனமெல்லாம் உயர்மாடி என்று வகைப்படுத்தப்படும், 18.30 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களின் மீதே குவிகிறது. எங்கள் தெருவில் எழுபவை பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே நின்றுகொள்கின்றன.

துளையிடும்போது பொறியாளர் உடனிருந்து ஆழவாரியாகத் தேதியிட்ட புகைப்படம் எடுக்கவும், மண் மாதிரிகளைக் கடைக்கால் வேலை முடியும்வரை பாதுகாக்கவும் திட்ட அனுமதி தரும் அமைப்பு நிபந்தனை விதிக்க வேண்டும். அறிக்கைகளை மனையின் இருப்பிடக் குறிப்போடு பொதுவில் வைப்பதும் அவசியம். எங்கள் தெருவில் மட்டும் இதுவரை ஆறு மனைகளில் துளையிட்டிருக்கிறார்கள். ஆறு அறிக்கைகளும் ஆறு அலுவலகங்களின் கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றை ஒரே மேசையில் விரித்துப் பார்த்தால், களிமண் படிவம் எந்தப் பக்கம் ஆழமாகிறது என்பதை, ஏழாவது மனைக்காரர் துளையிடும் முன்பே ஒரு பொறியாளர் அரை மணி நேரத்தில் ஓரளவு சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
பாலவாக்கம், சென்னை.