செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, போஷகர்களே, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்திலிருந்து வந்திருக்கும் விரிவுரையாளர்களே, ஆசிரியர்களான சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செயற்குழு மாதந்தோறும் வெள்ளவத்தையில் கூடியது. டிசெம்பரில் மட்டும் கூடவில்லை. நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து, உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றுபோன நேரம் அது. மலையகத்தில் வீடுள்ள உறுப்பினர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பாடசாலைகளுக்காக நாம் சேர்த்த கொப்பிகளும் கணிதக் கருவிப் பெட்டிகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

உறுப்பினர்களில் சிலர் கல்வி முதுமாணிப் பட்டம் பெற்றார்கள். அதற்கு மேலான ஆய்வுப் பட்டமான முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளையும் பாடசாலையையும் பார்த்துக்கொண்டு இரவில் ஆய்வேடு எழுதுவது லேசான காரியம் இல்லை. எல்லோருக்கும் சங்கத்தின் பாராட்டு.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்ததென்றால் வாசிப்பு வட்டம்தான். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் இயங்கும் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையத்தின், அதாவது நாம் ‘நெரெக்’ என்று சொல்லும் நிலையத்தின், அடைவு மட்ட அறிக்கைகளை, அதாவது மாணவர் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளந்து சொல்லும் அறிக்கைகளை, எடுத்துக்கொண்டோம். தரம் 4 மாணவரின் அடைவை 2003 இல் முதன்முதலாக அளந்தார்கள். பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அளந்தார்கள். தரம் 4 இல் தாய்மொழி, கணிதம், ஆங்கிலம். தரம் 8 இல் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். பீடத்தின் சாதனைகளில் பெரியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைகளை வரிசைப்படுத்தும். எந்தத் தேர்ச்சியில் நாடு முழுக்கச் சறுக்குகிறது என்பதை அது சொல்லாது. நெரெக் நிலையமோ சில பாடசாலைகளை மட்டும் மாதிரிக்காகத் தெரிந்தெடுத்து, சிங்களத்திலும் தமிழிலும் ஒரே அளவுகோலில் சோதிக்கிறது. கூடவே அதிபருக்கும் ஆசிரியருக்கும் வினாக்கொத்து கொடுத்துப் பின்னணியையும் கேட்கிறது. ‘என் பிள்ளைக்கு எத்தனை புள்ளி?’ என்று ஒரு பெற்றோர் நம் கூட்டத்துக்கே வந்து கேட்டார். தனிப்பிள்ளைக்குப் புள்ளி போட அந்தச் சோதனை வைக்கப்படவில்லை என்று விளங்கப்படுத்தப் பாதி மாலை போய்விட்டது.

மாகாண அட்டவணைகளை வாசித்தபோது வாக்குவாதம் சூடு பிடித்தது. பல சுற்றுகளில் வடக்கும் கிழக்கும் கீழ்ப்பகுதியில் நிற்கின்றன. அதை யுத்தத்தின் பெயரில் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியுமா என்று ஒருவர் கேட்டார். யுத்தம் முடிந்தது 2009 இல். அப்புறம் பாடசாலைக்குச் சேர்ந்த பிள்ளைகளும் இந்த அறிக்கைகளில் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. தமிழில் கற்பிக்கும் பாடசாலைகளையெல்லாம் தமிழ்மொழிமூலம் என்று ஒரே நிரலில் போட்டால் கொழும்பு நகரத்துப் பம்பலப்பிட்டி, யுத்தம் நடந்த முல்லைத்தீவு, மலையகத்து நுவரெலியாத் தேயிலைத் தோட்டப் பாடசாலை மூன்றும் ஒரு சராசரிக்குள் அடங்கிவிடும். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். இலவசக் கல்வி 1945 இல் வந்துவிட்டது. இந்த இடைவெளியை அந்த நிரல் காட்டாது. அடுத்த சுற்றில் தோட்டப் பாடசாலைகளைப் பிரித்துக் காட்டும்படி நிலையத்திடம் எழுத்தில் கேட்கலாம் என்று தீர்மானித்தோம். கடிதம் வரைவாக இருக்கிறது. இன்று சபை அங்கீகரித்தால் அனுப்பிவிடலாம்.

வாசிப்பு வட்டத்தில் ஓர் ஆதங்கம் திரும்பத் திரும்ப வந்தது. வினாக்கொத்தை நிரப்பிக் கொடுத்த ஆசிரியர் முடிவைப் பார்ப்பதே இல்லை. நம் பாடசாலைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடும் நூலக அலுமாரியில் தூங்குகிறது. பீடத்தின் முன்னாள் பீடாதிபதி பேராசிரியர் சோ. சந்திரசேகரன் போன்றவர்கள் கல்வி பற்றித் தமிழில், சாதாரண ஆசிரியருக்கும் விளங்கும்படி நிறைய எழுதினார்கள். அவற்றில் பல இன்று ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பழக்கம் தொடரவேண்டும். அதனால்தான் நாம் வாசித்த ஒவ்வோர் அறிக்கைக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, ஃபோட்டோக்கொப்பி எடுத்துக் கொட்டாஞ்சேனை, தெகிவளைப் பக்கப் பாடசாலைகளுக்குக் கொடுத்தோம்.

கணித ஆசிரியர்கள் ஒரு படி மேலே போனார்கள். பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவது எல்லாருக்கும் பழகிய பிழைதான். பிழை என்று கோடு போட்டுவிட்டுப் போகாமல், எப்படி யோசித்தாய் என்று பிள்ளையிடமே கேட்டு எழுதிவைத்தார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டினேன் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். முழு எண்ணில் கூட்டிப் பழகிய கை அப்படித்தான் போகும். பதில் அரையைவிடச் சிறிதாக வருகிறதே என்று கேட்டால், சில பிள்ளைகள் தாமாகவே பேனையை வைத்துவிட்டு யோசிக்கிறார்கள். இதைச் செயல்நிலை ஆய்வாக, அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்து பார்க்கும் ஆய்வாக, ஒழுங்குபடுத்தப் பீடத்து விரிவுரையாளர் ஒருவர் வழிகாட்டுகிறார். கட்டணம் எதுவும் வாங்காமல், அதுவும் சனிக்கிழமைகளில்.

சந்தா நிலுவை உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் பொருளாளரைச் சந்தியுங்கள்.

வரும் ஆண்டுக்கு ஒரு பிரேரணை மட்டும் முன்வைக்கிறேன். தமிழ்மொழிமூலம் ஆய்வு செய்யும் ஒவ்வொரு பட்டப்பின் மாணவரும், தரவு எடுத்த பாடசாலைக்கு இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தும்படி பீடாதிபதி அவர்களைக் கேட்போம். எழுத்துவேலைக்கு உதவச் சங்கம் தயார்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கொழும்பு