பாதிப் பாத்தியை விட்டு வை

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ பண்டாரவளையிலிருந்து எட்டிப் பார்ப்பதே இல்லை என்று இன்னும் திட்டுகிறார். சின்னவளுக்கு அடுத்த மாதம் சோதனை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புதுத் திரவப் பசளையை அடித்ததும் போஞ்சி கொத்துக் கொத்தாய்க் காய்த்தது, நகையை அடகு வைத்தாவது காணி முழுக்க அடிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த முறை மழை நேரத்துக்குப் பெய்தது, விதையும் புது இனம் என்று அதே கடிதத்தில் நீயேதான் சொல்கிறாய். அப்படியென்றால் காய்க்க வைத்தது எது? அடிக்காத பாத்தி ஒன்றுகூட இல்லையே, எதோடு ஒப்பிடுவாய்?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுக்க ஒரேயடியாக நிறுத்தினார்கள். முதலில் நாலு தேயிலை மலையில் மட்டும் செய்து பார்த்து, பக்கத்து மலைக் கொழுந்தோடு நிறுத்துப் பார்த்திருக்கலாம். நவம்பரில் தடையை நீக்குவதற்குள் நம் சனம் பட்ட பாட்டை நீயும்தான் பார்த்தாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் வேலை செய்த புள்ளிவிபர அறிஞர் ஃபிஷர், எந்தப் பாத்திக்குப் பசளை என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். நாம் தெரிவுசெய்தால் கை தானாக நல்ல மண்ணுக்குப் போகும். முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்வேன் என்ற பெண்மணிக்கும் இதே முறைதான். 8 கோப்பை, பால் முதலில் ஊற்றியது 4, தேநீர் முதலில் ஊற்றியது 4, கொடுக்கிற வரிசை குலுக்கலில். வெறும் ஊகத்தில் எல்லாம் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புத்தான். தரம் 9 பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். ஊற்றுகிறவள் வேறு, கொடுக்கிறவள் வேறு, கோப்பையின் அடியில் இலக்கம். மார்தட்டிய பையன் பாதியைத் தவறவிட்டு, "சேர், அப்ப விளம்பரத்துல சொல்றதெல்லாம்?" என்று கேட்டான். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

நீயும் 12 பாத்தி பிரி. சீட்டுக் குலுக்கி 6க்கு அந்தத் திரவப் பசளையை அடி, மற்ற 6க்கு வெறும் தண்ணீர் அடி. விதை, நடுகிற நாள், மற்றப் பசளை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். காயைப் பாத்தி பாத்தியாக நிறுத்துக் கொப்பியில் எழுது. நிறுப்பது உன் மகளாக இருக்கட்டும், எது எந்தப் பாத்தி என்று அவளுக்குச் சொல்லாதே.

கொப்பியைப் படமெடுத்து அனுப்பு, கணக்கை நான் பார்க்கிறேன். வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பசளைக்குப் பாதிக் காசு நானே தருகிறேன். அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ரவி